வடகோடிக் காட்டுக்கு ஒரு நடவுத் திட்டம்: ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பாடவேளைகள்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் உயிர்க்கோளம் பாடத்தை நடத்தும்போது, ஊசியிலைக் காடுகளைப் பற்றிய பத்தியை நாம் விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். தைகா, போரியல் காடு, நீண்ட குளிர்காலம், மென்மரம், காகிதத் தொழில் என நான்கைந்து சொற்களை மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் உலகின் நிலப்பரப்பிலேயே மிகப் பெரிய காட்டு உயிர்த்தொகுதியான இது, நாம் பார்த்தே இராத ஒரு நிலத்தைப் பற்றி ஆதாரத்தோடு முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்க நல்ல களம். அதற்காக, அப்பத்தியை ஐந்து பாடவேளைகள் கொண்ட ஒரு திட்டப்பணியாக மாற்றி நடத்தி வருகிறேன். மாணவர்களுக்கு நான் தரும் பணி ஒரே வரிதான்: “கனடாவின் வடக்கே தீயில் கருகிய 500 ஹெக்டேர் நிலத்துக்கு ஒரு மரநடவுத் திட்டம் தயாரியுங்கள்.”

சமூக அறிவியல், அறிவியல், கணக்கு ஆகிய மூன்று பாட ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தினால் இன்னும் சிறப்பாக இருக்கும். ஒருவரே நடத்தவும் முடியும். உலக வரைபடம், கயிறு, இரண்டு தகர டப்பா, இரண்டு வெப்பநிலைமானி ஆகியவை இருந்தால் போதுமானது.

கற்றல் நோக்கங்கள்

1. ஓரிடத்தின் அட்சரேகை, வெப்பநிலை, மழையளவு, மண் ஆகியவற்றைக் கொண்டு அங்கு எந்தத் தாவரம் வளரும் எனக் காரணத்துடன் கூறுதல்.
2. பரப்பளவு, இடைவெளி, எண்ணிக்கை, நாள் கணக்கு ஆகியவற்றை உண்மையான தேவைக்குப் பயன்படுத்துதல்.
3. “மரம் நடுதல் எப்போதும் நல்லது” என்ற பொதுக்கருத்தைச் சான்றுகளைக் கொண்டு ஆராய்தல்.

முதல் பாடவேளை: இடத்தை அறிதல்

நான் தேர்ந்தெடுத்த இடம் கனடாவின் வடமேற்குப் பிரதேசம். அதன் தலைநகர் யெல்லோநைஃப், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் ஏறத்தாழ 62.5 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. பிரதேசத்தின் பரப்பு தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. மக்கள்தொகையோ அரை லட்சத்துக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினாலே ‘தொலைதூரப் பகுதி’ என்பதன் பொருள் மாணவர்களுக்கு விளங்கிவிடும். பல ஊர்களுக்குக் கோடையில் சாலை கிடையாது. குளிர்காலத்தில் ஏரிகளும் ஆறுகளும் உறைந்த பிறகு, பனிக்கட்டியின் மேலேயே சாலை அமைத்து லாரிகள் ஓட்டுகிறார்கள். மற்ற மாதங்களில் சிறு விமானம்தான்.

யெல்லோநைஃபில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஜூலையில் 17 டிகிரி. ஜூன் இறுதியில் பகல் 20 மணி நேரம் நீளும். டிசம்பரில் 5 மணி நேரமாகச் சுருங்கும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே 300 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல்.

இந்த இடத்தில் நிறுத்தி, “நம்மைவிட மூன்றில் ஒரு பங்கு மழை பெறும் இடத்தில் காடு எப்படி நிற்கிறது?” என்று கேட்கிறேன். நல்ல விவாதம் நடக்கும் கேள்வி இது. குளிரில் நீர் ஆவியாவது குறைவு. நிலத்தின் அடியில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் இருப்பதால் நீர் கீழே இறங்காது. குளிர்காலப் பனி வசந்தத்தில் உருகி மண்ணை நனைத்துவிடுகிறது. எனவே மழை குறைவு என்பதாலேயே ஓரிடம் வறண்டது ஆகிவிடாது. “சார், அவ்வளவு தூரத்துல கன்றுக்குத் தண்ணி யார் ஊத்துவாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். யாரும் ஊற்றுவதில்லை. பனி உருகிய ஈரம் மண்ணில் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும் என்பதுதான் திட்டத்தின் காலக்கெடுவையே தீர்மானிக்கிறது.

அடுத்து, தீ. 2023-ஆம் ஆண்டில் கனடா முழுவதும் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்தது. இது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம். வடமேற்குப் பிரதேசத்தில் மட்டும் 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்த ஆகஸ்டில் யெல்லோநைஃப் நகரின் சுமார் 20,000 மக்களும் வெளியேற்றப்பட்டு, மூன்று வாரம் கழித்தே வீடு திரும்பினார்கள். இந்தச் செய்தியைச் சொன்னதும் “உடனே மரம் நடணும் சார்” என்று வகுப்பே சொல்லும். அந்த வேகத்தை நான் தடுப்பதில்லை. இரண்டாம் பாடவேளைக்கு அதுவே தேவை.

இரண்டாம் பாடவேளை: எங்கே நடுவது, எங்கே நடாமல் விடுவது

திட்டத்தின் உயிர் இந்தப் பாடவேளையில் இருக்கிறது. போரியல் காடு தீயோடு சேர்ந்தே வளர்ந்த காடு. ஜாக் பைன் மரத்தின் கூம்புகள் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் இளகிய பிறகே திறந்து விதைகளைக் கொட்டும். கருப்பு ஸ்புரூஸ் மரமும் உச்சியில் கொத்துக் கொத்தாகக் கூம்புகளைச் சேர்த்துவைத்து, தீக்குப் பிறகு விதைகளை உதிர்க்கிறது. ஆஸ்பென் மரம் மேலே எரிந்துபோனாலும் வேரிலிருந்து நூற்றுக்கணக்கில் துளிர்விடும். ஆகவே எரிந்த காடு பெரும்பாலும் தானாகவே மீளும். அங்கே போய் நடுவது பணத்தையும் நாற்றையும் வீணாக்குவது மட்டுமல்ல, முளைத்து வரும் இளங்கன்றுகளை மிதித்து அழிப்பதும் ஆகும்.

அப்படியானால் எங்கே நட வேண்டும்? காடு தன்னைத்தானே மீட்டுக்கொள்ள முடியாத இடங்களில். ஒரு முறை எரிந்து, கன்றுகள் விதை கொடுக்கும் வயதை அடையும் முன்பே மறுபடியும் எரிந்த இடம் அவற்றில் முதன்மையானது. கருப்பு ஸ்புரூஸ் போதுமான அளவு விதை சேர்க்க 30 ஆண்டுகளாவது ஆகும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால் விதைக் கையிருப்பு இருக்காது. வெப்பம் கூடிவரும் காலத்தில் இப்படிப்பட்ட இடங்களும் கூடி வருகின்றன.

இதை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, 500 ஹெக்டேரை ஐந்து துண்டுகளாகப் பிரித்து ஒரு கற்பனை நிலப்படம் வரைந்து தருகிறேன்.

அ. 200 ஹெக்டேர்: 90 வயதான ஜாக் பைன் காடு, முதன்முறையாக எரிந்தது.
ஆ. 150 ஹெக்டேர்: 16 ஆண்டுகளுக்கு முன் எரிந்து, இளம் கருப்பு ஸ்புரூஸ் வளர்ந்துவந்த நிலையில் மீண்டும் எரிந்தது.
இ. 100 ஹெக்டேர்: தடித்த பாசிப் படுகை கொண்ட சதுப்பு, அடியில் உறைநிலம்.
ஈ. 24 ஹெக்டேர்: எண்ணெய் தேடுவதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் காட்டை நேர்கோடாக வெட்டிய பாதை, 40 கிலோமீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம்.
உ. 26 ஹெக்டேர்: ஊரின் எல்லையை ஒட்டிய பகுதி.

ஒவ்வொரு குழுவும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ‘நடலாம்’ அல்லது ‘நட வேண்டாம்’ என முடிவுசெய்து காரணம் கூற வேண்டும். விவாதம் முடிந்ததும் நான் தொகுத்துச் சொல்பவை இவை:

‘அ’ துண்டை விட்டுவிடலாம். இரண்டு கோடை கழித்துப் போய்ப் பார்த்து எண்ணினால் போதும். ‘ஆ’ துண்டில் நட்டே ஆக வேண்டும். ‘இ’ துண்டைத் தொடவே கூடாது. போரியல் நிலத்தின் கரிமத்தில் பெரும்பகுதி மரங்களில் இல்லை, மண்ணிலும் சதுப்பிலும் இருக்கிறது. மேலே உள்ள பாசி ஒரு கம்பளிப் போர்வைபோல உறைநிலத்தை வெயிலிலிருந்து காக்கிறது. அதைக் கிளறினால் அடியில் உள்ள பனி உருகி, நிலம் அமிழ்ந்து, நிற்கும் மரங்களும் சாயும். அப்படிப் பல திசைகளில் சாய்ந்து நிற்கும் காட்டை அங்கே ‘குடிகாரக் காடு’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

‘ஈ’ துண்டுதான் மாணவர்களை வியக்க வைக்கிறது. பரப்பில் மிகச் சிறியது, பாதிப்பில் பெரியது. இத்தகைய பாதைகள் பல பத்தாண்டுகள் ஆகியும் மூடாமல் கிடக்கின்றன. ஓநாய்கள் அவற்றில் வேகமாக நடந்து கரிபூ மான்களை எளிதில் பிடித்துவிடுகின்றன. காட்டுக் கரிபூ, கனடாவில் அழிவு அச்சுறுத்தலில் உள்ள விலங்காகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. எனவே இங்கே நடுவதன் முதல் நோக்கம் பாதையை மூடுவது. ஈரமான இடங்களில் மண்ணை மேடு மேடாகக் குவித்து, அந்த மேட்டின் மேல் நாற்றை வைக்கிறார்கள். நம் ஊரில் நீர் தேங்கும் தோட்டத்தில் மேட்டுப்பாத்தி போடும் அதே காரணம்தான்.

‘உ’ துண்டில் ஊசியிலை மரங்களை நெருக்கமாக நட்டால், அடுத்த தீயை நாமே ஊருக்குள் அழைத்து வருவதாக முடியும். ஆஸ்பென் போன்ற அகன்ற இலை மரங்கள் ஈரப்பதம் மிகுந்தவை, எளிதில் பற்றாதவை. அவை வேரிலிருந்து துளிர்க்கவும் செய்யும். அவற்றை வளரவிட்டு, இடையில் வரும் ஸ்புரூஸைக் குறைத்தால் போதும்.

ஆக, 500 ஹெக்டேரில் நட வேண்டியது 174 ஹெக்டேர் மட்டுமே. “எல்லா இடத்துலயும் நடணும்” என்று தொடங்கிய வகுப்பு, பாடவேளை முடியும்போது இந்த எண்ணுக்கு வந்து சேர்வதைப் பார்ப்பது மகிழ்ச்சி.

மூன்றாம் பாடவேளை: எந்த மரம், யாருடைய நிலம்

மரத்தைத் தேர்வதில் முதல் விதி, விதை உள்ளூரிலிருந்தே வர வேண்டும் என்பது. ஒரே கருப்பு ஸ்புரூஸ் இனம்தான் என்றாலும், 1,000 கிலோமீட்டர் தெற்கே உள்ள மரத்தின் விதையை வடக்கே நட்டால் சிக்கல். பகல் நீளம் குறைவதைக் கொண்டே மரம் தன் வளர்ச்சியை நிறுத்தி மொட்டு மூடுகிறது. தெற்கத்திய நாற்று வடக்கில் தாமதமாகவே நிறுத்தும். அதற்குள் உறைபனி விழுந்து நுனி கருகிவிடும். ஆகவே நிலத்தின் அருகிலேயே கூம்பு பறிக்க வேண்டும். வெள்ளை ஸ்புரூஸ் எல்லா ஆண்டும் நன்றாகக் காய்க்காது. நல்ல காய்ப்பு பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். காய்த்த ஆண்டில் பறித்து, உலர்த்தி, குளிரில் சேமித்துவைப்பவருக்கே திட்டம் கைகூடும்.

இதற்கு எளிய செயல்பாடு: சவுக்குக் காய்களைப் பறித்து வந்து, ஒரு பாதியை ஈரத்துணியிலும் மறுபாதியை வெயிலிலும் வைக்கச் சொல்லுங்கள். சவுக்கு ஊசியிலை மரம் அல்ல, பூக்கும் தாவரம் என்பதைத் தெளிவுபடுத்திவிடுங்கள். ஆனாலும் உலர்ந்த காய் வாய் திறந்து சிறகுள்ள விதைகளை உதிர்ப்பதைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு, வெப்பத்தில் திறக்கும் கூம்பைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, யாருடைய நிலம் என்பது. வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடம் காலியான இடம் அல்ல. அது டெனே மக்களும் மெட்டி மக்களும் தலைமுறைகளாக வாழும் நிலம். 1899-இன் எட்டாம் உடன்படிக்கை, 1921-இன் பதினொன்றாம் உடன்படிக்கை ஆகியவை இப்பகுதியைச் சார்ந்தவை. டெனே மக்களில் ஒரு பிரிவினரான ட்லிச்சோ மக்கள், 2005-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி சுமார் 39,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் உரிமையாளர்கள். அவர்கள் சம்மதமின்றி ஒரு நாற்றைக்கூட ஊன்ற முடியாது, ஊன்றவும் கூடாது.

சம்மதம் கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. மூஸ் எனப்படும் பெரிய மான் எங்கே மேயும், எந்த மேட்டில் காட்டுப் பழங்கள் பறிப்பார்கள், கண்ணி வைக்கும் தடம் எது, எந்த ஏரிக்கரையில் மூதாதையர் கல்லறை இருக்கிறது என்பவை அவர்களுக்கே தெரியும். தீ எரிந்த மறு ஆண்டில் கரிந்த நிலத்தில் மோரல் காளான் முளைக்கும். அதைப் பறித்து விற்பது பலருக்கு வருமானம். அந்தக் கோடையில் அங்கே எந்திரத்தை இறக்கினால் அந்த வருமானம் போய்விடும். இவற்றைச் சொன்ன பிறகு, மாணவர்களை இரு அணியாக்கி ஊர்க் கூட்டம் ஒன்றை நடித்துக் காட்டச் சொல்கிறேன். ஓர் அணி திட்ட அலுவலர்கள். மற்றோர் அணி ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும். ஒரு நிபந்தனை: அலுவலர்கள் முதல் பத்து நிமிடம் கேள்வி மட்டுமே கேட்கலாம், எதையும் விளக்கக் கூடாது. இந்த நிபந்தனை அலுவலர் அணிக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதே ஒரு பாடம்.

நான்காம் பாடவேளை: கணக்கும் நாள்காட்டியும்

நாற்றுகளுக்கு இடையே 2.5 மீட்டர் இடைவெளி என்று எடுத்துக்கொள்வோம். ஒரு நாற்றுக்கு 6.25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். எனவே ஹெக்டேருக்கு 1,600 நாற்று. 174 ஹெக்டேருக்கு 2,78,400. நாற்றங்காலில் வீணாவதற்குப் பத்து சதவீதம் கூடுதலாக வளர்த்தால் 3,06,240. ஒரு பெட்டிக்கு 300 நாற்று எனக் கொண்டால், நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டியவை 928 பெட்டிகள்.

கனடாவில் நடவாளர்கள் இடுப்பில் பைகளைக் கட்டிக்கொண்டு, சிறிய மண்வெட்டியால் நிலத்தைப் பிளந்து, வேர்க்கட்டியை முழுதும் மண்ணுக்குள் இறக்கி, காலால் மிதித்து இறுக்கிவிட்டு அடுத்த அடிக்கு நகர்கிறார்கள். பெரும்பாலும் நட்ட எண்ணிக்கைக்கே கூலி. கைதேர்ந்தவர் ஒரு நாளில் 2,000-க்கு மேலும் நடுவார். நம் திட்டத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் 10 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 என்று வைத்தால், 28 நாளில் முடியும். மண் உருகும் மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை கிடைக்கும் ஆறு வாரத்துக்குள், மழை நாள், புகை நாள், ஓய்வு நாள் எல்லாம் போக இது அடங்கிவிடும். இதே ஆட்களோடு 500 ஹெக்டேரிலும் நட்டால்? 8 லட்சம் நாற்று, 80 நாள். அத்தனை நாள் அங்கே கோடையே இல்லை. எங்கே நட வேண்டாம் என்று இரண்டாம் பாடவேளையில் எடுத்த முடிவு, இப்போது திட்டத்தைச் சாத்தியமாக்குகிறது என்பதை மாணவர்கள் தாங்களே காண்கிறார்கள்.

நாள்காட்டியைப் பின்னோக்கிப் போடச் சொல்லுங்கள்.

முதல் ஆண்டு: ஊர் மக்களோடு பேச்சு, கோடையில் நில ஆய்வு, இலையுதிர்காலத் தொடக்கத்தில் கூம்பு பறித்தல்.
இரண்டாம் ஆண்டு: வசந்தத்தில் நாற்றங்காலில் விதைப்பு. குளிர் தொடங்கியதும் நாற்றுகளைப் பெட்டிகளில் அடைத்து மைனஸ் 2 டிகிரியில் உறங்கவைத்தல். நிலம் உறைந்து எந்திரம் புதையாமல் நிற்கும் குளிர்காலத்தில் ‘ஈ’ துண்டில் மண்மேடு போடுதல்.
மூன்றாம் ஆண்டு: ஜூனில் நாற்றை மெதுவாக உறக்கம் தெளியவைத்து நடவு.
மூன்றாம், ஐந்தாம், எட்டாம் ஆண்டு: இலையுதிர்காலத்தில் எண்ணிக்கை.

ஐந்தாம் பாடவேளை: எண்ணிப் பார்த்தல், கேள்வி கேட்டல்

நட்ட பிறகு நாற்றுக்கு வரும் இடர்கள் பல. ஈர மண் உறைந்து விரியும்போது நாற்றை வேரோடு மேலே தள்ளிவிடும். பனிமுயல் நுனியைக் கடித்துவிடும். புல்லும் புதரும் மூடிவிடும். எனவே எத்தனை நட்டோம் என்பது திட்டத்தின் வெற்றி அல்ல. எட்டாம் ஆண்டில் எத்தனை நிற்கிறது என்பதே வெற்றி.

இரண்டே முக்கால் லட்சம் நாற்றை யார் எண்ணுவது? வனத்துறையினர் இதற்கு ஓர் அழகான முறை வைத்திருக்கிறார்கள். 3.99 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 50 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் இத்தகைய 200 வட்டங்கள் அடங்கும். ஆகவே வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு கன்றும் ஹெக்டேருக்கு 200 கன்றைக் குறிக்கும். 1,600 நட்ட இடத்தில் வட்டத்துக்குச் சராசரியாக 8 இருக்க வேண்டும். 6 இருந்தால் 1,200, அதாவது 75 சதவீதம். பள்ளி மைதானத்தில் கயிற்றை 3.99 மீட்டருக்கு அளந்து, நடுவில் ஒருவர் நிற்க, மற்றவர் சுற்றிவந்து உள்ளே உள்ள செடிகளை எண்ணட்டும். பத்து இடத்தில் எண்ணிச் சராசரி காணட்டும். வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரம் அன்றைக்கு மறக்காது.

கடைசியாக, கடினமான கேள்வி: இந்த மரங்கள் புவியைக் குளிர்விக்குமா? வெண்பனி மூடிய வெட்டவெளி, விழும் சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கரும்பச்சை ஊசியிலைக் காடு அதை உறிஞ்சி வெப்பமாக்கும். கரிமத்தை ஈர்ப்பதால் கிடைக்கும் குளிர்ச்சியை, ஒளியை உறிஞ்சுவதால் வரும் வெப்பம் பல வடபகுதிகளில் ஈடுகட்டிவிடக்கூடும் என்று ரிச்சர்ட் பெட்ஸ் என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் சுட்டிக்காட்டினார். இரண்டு தகர டப்பாக்களில் ஒன்றுக்குக் கருப்பும் மற்றொன்றுக்கு வெள்ளையும் பூசி, சம அளவு நீர் ஊற்றி, அரை மணி நேரம் வெயிலில் வைத்து வெப்பநிலை பார்த்தால் கருத்து பிடிபடும். ஆகவே காடு இயல்பாக இல்லாத வெட்டவெளியில் புதிதாக மரம் நடுவது வேறு, இருந்து இழந்த காட்டை மீட்பது வேறு. நம் திட்டம் இரண்டாவது வகை. கரிபூவுக்கும் ஊர் மக்களுக்கும் அந்தக் காடு தேவை என்பதே அதற்கு முதல் காரணம்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் இதே கருத்தைச் சுருக்கிச் செய்யலாம். அருகிலுள்ள மரவாடியில் தேக்குத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வளையங்களை எண்ணச் சொல்லுங்கள்; வெப்பமண்டல மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும் சிலவற்றில் தேக்கும் ஒன்று. பிறகு, வடக்கே நூறு வயது கருப்பு ஸ்புரூஸ் ஒன்று நம் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்கு மெலிந்தும் இருக்கலாம் என்று சொல்லுங்கள். ஏன் அவ்வளவு மெதுவாக வளர்கிறது என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

மதிப்பீடு

குழுவுக்கு ஒரு பக்கத் திட்ட அறிக்கை போதும். நான் பார்ப்பவை நான்கு: நடும் இடத்துக்குக் காரணம் உண்டா, நடாத இடத்துக்கும் காரணம் உண்டா, ஊர் மக்கள் சொன்ன ஒன்றாவது திட்டத்தை மாற்றியிருக்கிறதா, எட்டாம் ஆண்டு எண்ணிக்கைக்குப் பொறுப்பு யார் என எழுதப்பட்டிருக்கிறதா. நான்காவது கேள்விக்கு விடை எழுதிய குழுவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன். அடுத்த முறை நம் பள்ளியில் கன்று நடும் நாள் வரும்போது, “மூணு வருஷம் கழிச்சு யாரு சார் எண்ணுவாங்க?” என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால், இந்த ஐந்து பாடவேளைகளும் பலன் தந்துவிட்டன என்று கொள்ளலாம்.